உடம்பின் சூட்டில் வளராதது

வேலையிலிருந்து வந்ததும் நான் வாசலிலேயே உடுப்பு மாற்றுவேன். லண்டன் டூட்டிங்கில் எங்கள் பிளாட்டின் கதவைத் திறந்தால் ஒடுங்கிய நடை ஒன்று வரும். அதன் இடப்பக்கம் குளியலறை. அந்த நடையில் எனக்கென்று சில பொருட்கள் வைத்திருந்தேன்: ஒரு துவாய், மாற்று உடுப்பு, இறுக்கிக் கட்டக்கூடிய பைகள், சப்பாத்துக்கு மூடி போட்ட பெட்டி. கழற்றுவதற்கும் ஓர் ஒழுங்கு இருந்தது. முதலில் காலில் போட்ட சப்பாத்து, பிறகு கோட், பிறகு மற்றவை, கடைசியாகத் தலையில் கட்டிய துணி. எல்லாம் பைக்குள் போய், பை கட்டுப்பட்டு, நேரே சலவை இயந்திரத்துக்கு. அதன் பிறகு தலைக்குக் குளியல். ஈரத்தலையோடுதான் அப்பாவின் முகத்தைப் பார்ப்பேன்.

அம்மாவுக்கு இது பகிடி.

"ஒவ்வொரு நாளும் செத்தவீட்டுக்குப் போட்டு வாற மாதிரியெல்லோ வாறாய். இண்டைக்கு ஆர் செத்தது?"

"குருவிச்சை."

"நல்லது. முழுகிப்போட்டு வா, தேத்தண்ணி ஆறுது."

குருவிச்சை என்பது மரக்கொப்பில் வேரிறக்கி, மரத்தின் நீரை உறிஞ்சி வாழும் செடி. புல்லுருவி என்றும் சொல்வார்கள். இந்த நாட்டுக் குருவிச்சையை ஆங்கிலேயர்கள் கிறிஸ்துமஸ் காலத்தில் வெட்டி, சிவப்பு நாடா கட்டி, கதவு நிலையில் தொங்கவிடுவார்கள். கட்டு ஒன்று சந்தையில் பார்க்க வடிவாகத்தான் இருக்கும். கவனிப்பாரற்ற பழைய அப்பிள் மரம் ஒன்றில் அது கொப்புக்குக் கொப்பு ஏறி, மரத்துக்கு இலை விடவும் இடமில்லாமல் செய்திருப்பதைப் பார்த்தால் அந்த வடிவு தெரியாது. வெட்டினால் கொப்புக்குள் இருக்கும் வேரிலிருந்து திரும்ப முளைக்கும். கொப்போடு வெட்டிக்கொண்டே போனால் கடைசியில் மரம் மிஞ்சாது.

நான் வேலை செய்யும் ஆய்வுகூடத்தில் வேறொரு வழியைச் சோதிக்கிறோம். குருவிச்சைக்கு மட்டும் நோய் கொடுக்கும் பூஞ்சை ஒன்று உண்டு. நாங்கள் உருவாக்கியது அல்ல, இந்த நாட்டுக் குருவிச்சை இலைகளிலேயே இருப்பது. அதைப் பிரித்தெடுத்து, வளர்த்து, அதன் வித்திகளை நீரில் கலந்து குருவிச்சை மேல் தெளிக்கிறோம். வித்தி என்பது பூஞ்சையின் விதை. கண்ணுக்குத் தெரியாத தூசு. மூச்சோடு போகக்கூடிய தூசு.

அதனால்தான் வாசலில் உடுப்பு மாற்றினேன். என் அப்பாவுக்கு மாற்றுச் சிறுநீரகம் வைத்திருக்கிறது. அது அம்மாவுடையது.

வேறொருவரின் உறுப்பை உடம்பு அடித்து விரட்டாமல் இருப்பதற்கு, உடம்பின் காவலைக் குறைக்கும் குளிசைகளை அப்பா காலையும் மாலையும் விழுங்குகிறார். காவல் குறைந்த வீட்டுக்குள் எதுவும் நுழையலாம். நமக்குத் தும்மலோடு போய்விடும் ஒன்று அவருக்கு நெஞ்சில் தங்கிவிடலாம். சத்திரசிகிச்சை முடிந்து வீடு வந்த முதல் வாரத்திலேயே அம்மா ஒரு கட்டளை போட்டிருந்தார். "இஞ்சருங்கோ, என்ர சாமான் உங்களிட்ட இருக்கு. கவனமா வைச்சிருங்கோ."

"திருப்பிக் கேக்காதவரைக்கும் கவனமா வைச்சிருப்பன்," என்றார் அப்பா.

சாப்பாட்டு மேசையில் இந்தப் பகிடி பலமுறை வந்திருக்கிறது. உப்புக் கூடினாலும் வரும், அப்பா மழையில் தொப்பி இல்லாமல் போனாலும் வரும்.

ஒரு பூஞ்சையை வெளியே தெளிப்பதற்கு முன் கேட்கவேண்டிய கேள்விகள் நிறைய. வேறு செடியைத் தொடுமா, அப்பிளுக்கு நோய் தருமா, மழையோடு எவ்வளவு தூரம் போகும், தேனீக்கு என்ன ஆகும். மற்றவர்கள் இவற்றை எந்த ஒழுங்கில் கேட்பார்களோ தெரியாது. என் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்: மனித உடம்பின் சூட்டில் இது வளருமா? செடிகளில் வாழும் பூஞ்சைகளில் பெரும்பாலானவற்றுக்கு நம் உடம்பு தாங்கமுடியாத வெக்கை. சோதனை எளிது. உணவுக்கூழ் ஊற்றிய தட்டுகளில் பூஞ்சையை வைத்து, பாதியை இருபது டிகிரியிலும் பாதியை முப்பத்தேழு டிகிரியிலும் இன்குபேட்டரில் விட்டுப் பார்க்கவேண்டும்.

இருபதில் எங்கள் பூஞ்சை கருஞ்சாம்பல் கம்பளி போலப் படர்ந்தது. முப்பத்தேழில் எதுவுமில்லை. ஒரேயொரு தட்டின் ஓரத்தில் மட்டும் சின்னப் பொட்டு ஒன்று இருந்தது. சாம்பலும் பச்சையும் கலந்த நிறம்.

என் மேலாளர் இந்தத் துறையில் தலைநரைத்த ஆங்கிலேயப் பெண்மணி. நுண்நோக்கியில் அதைப் பார்த்துவிட்டு, இது நம்முடையது அல்ல, வெளியிலிருந்து விழுந்த ஏதோ, எதற்கும் திரும்பச் செய் என்றார். நானும் பார்த்தேன். வித்திகளின் உருவமே வேறு. திரும்பச் செய்தேன். இரண்டாம் முறை எல்லாத் தட்டுகளும் வெறுமையாக இருந்தன. அந்தப் பொட்டு விழுந்த தட்டு மற்றவற்றோடு கொதிநீராவியில் அவிக்கப்பட்டுக் குப்பைக்குப் போனது. அப்போது அதில் எந்தப் பிழையும் தெரியவில்லை. இன்றும் தெரியவில்லை. ஆனால் பின்னால் வந்த நாட்களில் கண்ணை மூடினால் அந்தப் பொட்டுத்தான் வந்தது.

தெளிப்பைக் குளிர்காலத்தில் செய்தோம். லண்டனின் தென்மேற்கு விளிம்பில், மதில் சூழ்ந்த பழைய அப்பிள் தோட்டம். மரங்கள் இலையுதிர்த்து நின்றதால் குருவிச்சை மட்டும் பச்சைப் பந்து பந்தாகத் தெரிந்தது. காற்றில்லாத, ஈரமான நாளாகப் பார்த்துப் போவோம். முழு உடம்பையும் மூடும் வெள்ளை உடுப்பு, முகமூடி, கண்ணாடி. ஏணியில் நின்று தெளிப்பானின் வாயை இலைக்குக் கிட்டே பிடித்து அழுத்தினால் மெல்லிய பனி போல வரும். ஒவ்வொரு அழுத்தலிலும் எத்தனை வித்திகள் வெளியே வருகின்றன என்று எனக்குத் தெரியும் என்பதால் மூச்சைப் பிடித்துக்கொள்வேன். முகமூடி இருந்தும் பிடித்துக்கொள்வேன்.

சில வாரங்களில் இலைகள் மஞ்சளாகின. எள்ளைத் தூவியது போலக் கரும்புள்ளிகள் வந்தன. அப்பிள் பட்டையில் ஒன்றுமில்லை. மேலாளர் ஏணியிலிருந்து இறங்காமலே சிரித்தார். நான் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டு வந்து, குளித்து முடித்து, அப்பாவுக்குக் காட்டினேன்.

அப்பா மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். "நாங்கள் ஊரில மாமரத்தில கத்தியால கொத்தி எடுக்கிறது. நீங்கள் அதுக்கு நோயைக் குடுத்துச் சாகவைக்கிறியள்."

"ஓம் அப்பா."

"இதுக்கு ஆய்வுகூடம், சம்பளம் எல்லாம்." சிரிக்கத் தொடங்கினார். சிரிப்பு இருமலாக மாறியது. இருமல் நிற்க நேரமெடுத்தது.

நான் கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்று தெரியாது. படத்திலிருந்து எதுவும் வெளியே வராது.

இருமல் போகவில்லை. பிறகு காய்ச்சல். சிறுநீரகப் பிரிவில் எப்போது வேண்டுமானாலும் கூப்பிடலாம் என்று ஒரு தொலைபேசி இலக்கம் தந்திருந்தார்கள், கூப்பிட்டோம், உடனே வரச் சொன்னார்கள். நெஞ்சை ஸ்கேன் செய்தார்கள். வலப்பக்க நுரையீரலில் ஒரு வெள்ளைத் திட்டு. அதன் விளிம்பு புகைமூட்டம் போல மங்கியிருந்தது. டொக்டர் இளம்பெண், என்னைவிடச் சில வயதுதான் கூட இருக்கும். கட்டிலருகே நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, இது பூஞ்சையாக இருக்கலாம் என்று நினைக்கிறோம் என்றார்.

அந்தச் சொல்லை நான் நாளொன்றுக்கு எத்தனை முறை சொல்கிறேன். அன்று அது ஏதோ புதுச் சொல் போலக் கேட்டது.

அவர் கேள்விகள் கேட்டார். அண்மையில் வெளிநாடு போனீர்களா? வீட்டில் பறவை வளர்க்கிறீர்களா? பக்கத்தில் கட்டட வேலை நடக்கிறதா? சுவரில் ஈரக்கசிவு உண்டா? தோட்டவேலை செய்வீர்களா?

"நோ கார்டின், டொக்டர்," என்றார் அப்பா. "பிளாட். மேல்மாடி." கையால் மாடியின் உயரத்தையும் காட்டினார்.

டொக்டர் எழுதிக்கொண்டார். அடுத்தது நான் பேசவேண்டிய இடம். என் குரல் அறிக்கை வாசிப்பது போல வந்தது. நான் பூஞ்சைகளோடு வேலை செய்கிறேன். குருவிச்சைக்கு எதிராக ஒன்றைத் தெளிக்கிறோம். அதன் வித்திகளைக் கையாளுகிறேன். ஒவ்வொரு நாளும் இதே வீட்டுக்குத்தான் வருகிறேன்.

டொக்டரின் பேனா நின்றது. அவர் முகம் மாறவில்லை. முகம் மாறாமலிருக்கப் பழகியவர்களின் முகம் அது. ஆனால் அப்பா என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சற்று நிமிர்ந்து, ஆக்சிஜன் குழாயைச் சரிசெய்துகொண்டு, எனக்காகச் சாட்சி சொன்னார்.

"மை டோட்டர் வெரி கிளீன், டொக்டர். எவ்ரி டே பாத்."

நுரையீரலுக்குள் குழாய் விட்டு, கழுவி எடுத்த நீரை, அதில் என்ன வளர்கிறது என்று பார்க்க, வளர்ப்புக்கு அனுப்பினார்கள். என்ன பூஞ்சை என்று தெரிய நாளாகும், அதுவரை காத்திருக்காமல் மருந்தைத் தொடங்குகிறோம், ஆனால் எல்லாப் பூஞ்சையும் ஒரே மருந்துக்கு அடங்காது, பெயர் தெரிந்தால்தான் நிச்சயம் என்றார் டொக்டர். உங்களுடைய பூஞ்சையை மனித மருந்துகளுக்கு எதிராகச் சோதித்திருக்கிறீர்களா என்று கேட்டார். இல்லை என்றேன். யாரும் சோதித்ததில்லை. மரத்தில் தொங்கும் ஒரு செடியை விட்டு அது ஒரு மனிதருக்குள் போகும் என்று எவரும் நினைத்ததில்லை. அப்படிப் போயிருந்தால், அதை எப்படி வெளியேற்றுவது என்பதும் எவருக்கும் தெரியாது.

நடைக்கூடத்தில் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"உன்ர சாமானாலயோ?"

"தெரியாது அம்மா."

"தெரியாதெண்டால் பிறகு என்னத்தைப் படிச்சனீ?"

தள்ளுவண்டி ஒன்றுக்கு வழிவிட இருவரும் சுவரோடு ஒதுங்கினோம். அது போனதும், "சாப்பிட்டனியோ?" என்றார்.

அன்றிலிருந்து நான் வீட்டுக்குப் போகவில்லை. கூட வேலை செய்யும் ஒருத்தியின் வீட்டுச் சோபாவில் தங்கினேன். நல்ல உடுப்புகளையெல்லாம் விட்டுவிட்டு, ஆய்வுகூடத்துக்கு ஒருபோதும் போட்டுப் போகாத ஒரேயொரு சட்டையை வைத்தியசாலைக்கென்று வைத்துக்கொண்டேன். கட்டிலிலிருந்து தள்ளி, கதவருகே நிற்பேன். "ஏன் வேலிக்கு அங்கால நிக்கிற மாதிரி நிக்கிறாய்?" என்று அப்பா கேட்டார். தும்மலும் தடிமனும் வரும்போல இருக்கு என்று பொய் சொன்னேன்.

மேலாளர் தெளிப்பை நிறுத்தினார். எங்கள் பூஞ்சையின் மாதிரியையும் அதன் மரபணுக் குறிப்பையும் அன்றே வைத்தியசாலைக்கு அனுப்பி, ஒப்பிட்டுப் பார்க்கும்படி எழுதினார். என்னிடம், இது நம்முடையதாக இருக்க வழியில்லை என்று ஒருமுறை சொன்னார். அதையே திரும்பச் சொல்லியிருந்தால் நான் நம்பியிருக்கலாம். அவர் திரும்பச் சொல்லவில்லை.

எனக்குத் தெரிந்த ஒரே காரியத்தைச் செய்தேன். முப்பத்தேழு டிகிரிச் சோதனையை முதலிலிருந்து தொடங்கினேன். வெவ்வேறு மரங்களிலிருந்து எடுத்த மாதிரிகள், தெளிப்பானில் மிஞ்சிய கலவை, கையுறையின் வெளிப்பக்கம், என் கோட்டின் கைவிளிம்பு என்று அகப்பட்ட எல்லாவற்றிலிருந்தும் தட்டு வைத்தேன். காலையில் இன்குபேட்டரின் கதவைத் திறக்கும்போது உள்ளிருந்து வெதுவெதுப்பான காற்று முகத்தில் படும். காய்ச்சலில்லாத ஒருவரின் நெற்றியில் கை வைத்தது போலிருக்கும். அந்தச் சூடு எனக்குப் பயத்தைத் தந்தது. ஒவ்வொரு தட்டாக வெளிச்சத்துக்குப் பிடிப்பேன். வெறுமை. வெறுமை. தட்டில் படிந்த நீர்த்துளி ஒன்று பொட்டுப் போலத் தெரியும். துடைத்தால் போய்விடும்.

இதற்கிடையில் அம்மாவின் சாமானும் ஆட்டம் காணத் தொடங்கியது. பூஞ்சைக்கான மருந்து, சிறுநீரகத்தைக் காக்கும் குளிசையின் அளவை இரத்தத்தில் ஏற்றிவிடும். அதனால் குளிசையைக் குறைத்தார்கள். நோயோடு போராட உடம்பின் காவலையும் கொஞ்சம் கூட்டவேண்டியிருந்தது, அதனால் இன்னும் குறைத்தார்கள். காவல் கூடினால் அது பூஞ்சையை மட்டுமா விரட்டும்? இரத்தப் பரிசோதனையில் சிறுநீரகத்தின் எண், ஏறினால் கூடாத எண், மெல்ல ஏறியது. நுரையீரலா சிறுநீரகமா என்று தெரிவு செய்யும் நிலை வராமல் பார்க்கிறோம் என்றார் டொக்டர். வந்தால் எதைத் தெரிவு செய்வார்கள் என்று நாங்கள் கேட்கவில்லை.

"திருப்பிக் கேக்கமாட்டன் எண்டு அவவிட்டச் சொல்லு," என்றார் அம்மா. நான் மொழிபெயர்க்கவில்லை.

ஒருநாள் மத்தியானம் அப்பா என்னைக் கைகாட்டிக் கூப்பிட்டார். கதவருகே நின்றபடியே என்ன என்று கேட்டேன். பேசினால் இருமல் வரும் என்பதால் துண்டு துண்டாகச் சொன்னார்.

"கறிவேப்பிலை. மோர் ஊத்தேல்லை. வாடிப்போம். அம்மா மறந்துபோவா. நீ போ."

அம்மா கட்டிலை விட்டு அசையமாட்டார். நான் அவரிடம் வீட்டுக் கதவின் திறப்பை வாங்கிக்கொண்டு போனேன்.

வீட்டில் எவருமில்லை. நடையில் என் துவாயும் பைகளும் அப்படியே இருந்தன. பழக்கத்தில் சப்பாத்தைக் கழற்றிப் பெட்டிக்குள் வைத்தேன். வரவேற்பறையில், ஜன்னலுக்கும் ஹீட்டருக்கும் நடுவே, பெரிய நீலத் தொட்டியில் கறிவேப்பிலை நின்றது. கடையில் சின்னப் பையில் விற்கும் கறிவேப்பிலைக்கு மணமில்லை என்று அப்பா வளர்த்த மரம். ஹீட்டரின் தயவில் குளிர்காலங்களைத் தாண்டி, என் தோளுயரத்துக்கு வந்திருந்தது. கறிவேப்பிலைக்குப் புளித்த மோர் ஊற்றவேண்டும் என்பது எங்கள் சனத்துக்கெல்லாம் தெரிந்த விசயம். மிஞ்சும் தயிரை அப்பா பழைய பால் போத்தலில் நீரோடு கலந்து, ஜன்னலடியில் புளிக்கவைப்பார்.

நான் போத்தலை எடுத்தேன். மூடியைத் திறந்து, ஊற்றுவதற்குக் குனிந்தேன்.

மண்ணின் மேற்பரப்பைப் பார்த்தேன். தயிர்க்கட்டிகள் காய்ந்து வெள்ளைத் தோலாகப் படிந்திருந்தன. அந்தத் தோலின் மேல், தண்டைச் சுற்றி, வெல்வெட் துணி விரித்தாற்போல ஒன்று. சாம்பலும் பச்சையும் கலந்த நிறம். மண்ணில் பழைய முட்கரண்டி ஒன்று குத்தி நின்றது. நான் தொட்டியை முட்டியிருக்கவேண்டும். முட்கரண்டி சாய்ந்தது. அது சாய்ந்த இடத்திலிருந்து, ஜன்னல் வெளிச்சத்தில், மிக மெல்லிய புகை எழுந்தது.

மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடந்தேன். சமையல் நடக்கும் குசினியின் கதவு முதுகில் முட்டும்வரை நடந்தேன்.

சனிக்கிழமைகளில் அப்பா பத்திரிகையை விரித்து, தொட்டியின் முன் சம்மணமிட்டு உட்காருவார். முகத்தை மண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய், அந்த முட்கரண்டியால் கிண்டிக் கிண்டி மண்ணை இளக்குவார். மோர் உள்ளே இறங்கவேண்டுமாம். அவர் பத்திரிகை விரிப்பதற்காக நான் சோபாவில் கால்களைத் தூக்கிக் கொடுத்திருக்கிறேன். கால்களைத் தூக்கியபடி மடிக்கணினியில் பூஞ்சைகளைப் பற்றி வாசித்திருக்கிறேன்.

தொட்டியை மரத்தோடு பெரிய பையால் மூடிக் கட்டினேன். ஜன்னல்களைத் திறந்தேன். மறுநாள் முகமூடியோடும் மூடி போட்ட சிறு குழாய்களோடும் வந்து, பையை ஒரு விரலளவு திறந்து, மண்ணில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய்த் தட்டில் வைத்தேன். முப்பத்தேழு டிகிரி. என் பூஞ்சைகளை வைத்த அதே இன்குபேட்டரில், கீழ் அடுக்கில், தனியாக.

மூன்றாம் நாள் காலையில் அது தட்டை நிறைத்திருந்தது. உடம்பின் சூடு அதற்கு எந்தத் தடையும் இல்லை. நுண்நோக்கியில் பார்த்தபோது அந்த உருவத்தை முன்பே பார்த்திருக்கிறேன் என்பது தெரிந்தது. முதற் சோதனையில் தட்டின் ஓரத்தில் இருந்த பொட்டு. நிறமும் அதுதான், உருவமும் அதுதான். அந்தத் தட்டு இன்று இல்லாததால் சத்தியம் செய்யமுடியாது. ஆனால் எனக்குத் தோன்றியது இது: ஆய்வுகூடத்திலிருந்து வீட்டுக்கு வரும்போதெல்லாம் தலைமுதல் கால்வரை மாற்றிய நான், வீட்டிலிருந்து ஆய்வுகூடத்துக்குப் போகும்போது ஒருநாளும் மாற்றியதில்லை. துவைத்தபின் வரவேற்பறை நாற்காலியில் கிடந்த கோட்டை எடுத்து அப்படியே போட்டுக்கொண்டு நோர்தன் லைன் ரயிலில் ஏறிப் போயிருக்கிறேன்.

வைத்தியசாலைக்குப் போய் முதல்முறையாகக் கட்டிலருகே உட்கார்ந்தேன்.

"அப்பா, தோட்டவேலை செய்யிறனீங்களோ எண்டு டொக்டர் கேட்டவ எல்லோ?"

"ஓம். எங்களுக்கு எங்க தோட்டம்?"

"கறிவேப்பிலை?"

அப்பா என்னை விளங்காமல் பார்த்தார். "அது தோட்டமோ? அது குசினிச் சாமான்."

அம்மாதான் முதலில் விளங்கிக்கொண்டார். கையிலிருந்த தோடம்பழத்தை உரிப்பதை நிறுத்தினார். "அந்த ஊத்தை மோரை ஊத்தாதேங்கோ, மணக்குது எண்டு எத்தினை தரம் சொன்னனான்," என்றார். மெதுவாகத்தான் சொன்னார். பிறகு பழத்தை உரித்து முடித்து, ஒரு சுளையை என்னிடம் நீட்டினார்.

டொக்டரிடம் தொட்டியைப் பற்றிச் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டு, இனி எல்லாரிடமும் வீட்டுக்குள் செடி வளர்க்கிறீர்களா என்று தனியாகக் கேட்கவேண்டும் என்றார். வளர்ப்பின் முடிவு அதற்குப் பின்தான் வந்தது. மண்ணிலும் தூசிலும் எங்கும் இருக்கும் பூஞ்சை வகை. மரபணு ஒப்பீட்டில் எங்களுடையதோடு தொடர்பே இல்லை. கொடுத்துக்கொண்டிருந்த மருந்து அதற்குப் பொருத்தமானதுதான். இது உங்கள் தொட்டியிலிருந்துதான் வந்தது என்று உறுதியாகச் சொல்லமுடியாது, தெருவிலிருந்தும் வந்திருக்கலாம் என்றும் சொன்னார்.

நான் தலையாட்டினேன். அடுத்ததாகக் கேட்டது சிறுநீரகத்தின் எண்ணை. அது இன்னும் இறங்கவில்லை.

அப்பா வீட்டுக்கு வர வசந்தமாகிவிட்டது. திட்டு சுருங்கியிருந்தது, போகவில்லை. மருந்து மாதக்கணக்கில் தொடரும் என்றார்கள். மரத்தை அவர் வருமுன்பே பையோடு அகற்றியிருந்தோம். தொட்டி நின்ற இடத்தில் கம்பளத்தில் வட்டமாக ஓர் அடையாளம். அப்பா அதைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"மண்ணை மாத்தியிருக்கலாம்."

"உங்களை மாத்தேலாது," என்றார் அம்மா. "என்னட்ட இன்னொண்டு இல்லைக் குடுக்க."

அது பழைய பகிடியின் தொடர்ச்சிதான். எவரும் சிரிக்கவில்லை.

இப்போது கறிவேப்பிலை கடையிலிருந்து சின்னப் பையில் வருகிறது. அப்பாவின் இரத்தத்தை வாரத்துக்கொருமுறை எடுக்கிறார்கள், பலன் வரும் நாளில் என் கைபேசி அதிர்ந்தால் செய்யும் வேலையை விட்டுவிட்டுப் பார்க்கிறேன். எண் ஏறிய இடத்திலேயே நிற்கிறது. ஏறவில்லை என்று நான் சொல்கிறேன். இறங்கவில்லை என்று அம்மா சொல்கிறார்.

நான் மறுபடி தொடங்கிய சோதனையில் எங்கள் பூஞ்சை முப்பத்தேழில் எந்தத் தட்டிலும் வளரவில்லை. அதோடு விட்டிருக்கலாம். ஆனால் சோதனைக்கு இன்னொரு பாதி உண்டு. சூட்டிலிருந்த தட்டுகளை எடுத்து இருபது டிகிரியில் வைத்துப் பார்க்கவேண்டும். உள்ளே இருப்பது செத்துவிட்டதா, வளராமல் இருந்ததா என்று அப்போதுதான் தெரியும். வைத்தேன். பெரும்பாலான தட்டுகளில் ஒன்றுமில்லை. சிலவற்றில், சில நாட்கள் கழித்து, கருஞ்சாம்பல் இழை ஒன்று மெல்லப் புறப்பட்டது. மேலாளரிடம் காட்டினேன். இது எதிர்பார்க்கக்கூடியதுதான், வளராதவரை தீங்கில்லை என்றார். அது உண்மை. அறிக்கையில் அப்படித்தான் எழுதியிருக்கிறோம், நானும் ஒப்பமிட்டிருக்கிறேன்.

இந்தக் குளிர்காலம் தெளிப்பைத் திரும்பத் தொடங்கினோம். தோட்டத்தில் சென்ற முறை புள்ளி விழுந்த குருவிச்சைகள் இலையுதிர்த்து, காய்ந்த விரல்கள் போலக் கொப்பில் நின்றன. விரும்பினால் நீ ஆய்வுகூடத்துக்குள்ளேயே இருக்கலாம், ஏணியில் வேறு ஆள் ஏறட்டும் என்று மேலாளர் சொன்னார். நானே போகிறேன் என்றேன். எவ்வளவு கவனம் வேண்டும் என்பது என்னளவுக்குப் பயந்தவருக்குத்தான் தெரியும். இப்போது தோட்டத்தில் ஒருமுறை, ஆய்வுகூடத்தில் ஒருமுறை, வீட்டு வாசலில் ஒருமுறை என்று மூன்று இடத்தில் மாற்றுகிறேன். காலையில் வீட்டை விட்டுப் புறப்படும்போதும் மாற்றுகிறேன்.

முதல்நாள் தெளிப்பு முடித்து வந்து வாசலில் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்தேன். அப்பா நடையின் மறு முனையில், முகமூடி போட்டுக்கொண்டு, கதவைப் பிடித்தபடி நின்றார். கிட்டே வரவில்லை. வரக்கூடாதென்று அவருக்கும் தெரியும்.

"இண்டைக்குத் தெளிச்சனீங்களோ?"

"ஓம் அப்பா."

"உன்ர பூஞ்சணம் ஆக்களுக்குள்ள வளராதெண்டு நிச்சயமோ?"

"வளராது. உடம்பின்ர சூட்டில அதால வளர ஏலாது."

"அப்ப செத்துப்போமோ?"

கோட்டின் பொத்தானைக் கழற்றினேன். ஓம் என்று சொல்லியிருக்கலாம்.

"இல்லை அப்பா. சிலது சாகாது. பேசாமல் இருக்கும்."

அவர் என்னைப் பார்த்தார். முகமூடிக்கு மேலே கண்கள் மட்டும் தெரிந்தன. குசினியிலிருந்து அம்மா எட்டிப் பார்த்தார், என்னையும் பார்த்தார், அவரையும் பார்த்தார். பிறகு அவரைத் தோளில் பிடித்து அறைக்குள் திருப்பிவிட்டு, கதவைச் சாத்தும்போது சொன்னார்.

"அப்ப நல்லா வடிவா முழுகிப்போட்டு வா."